மொட்டை மாடியில இருந்தே பால்வீதியோட ஹைட்ரஜன் சிக்னலைப் பிடிக்கிறது எப்படி

கண்ணுக்குத் தெரியாத ஒளியில வானத்தைப் பாக்கிறதுன்னாலே எல்லாரும் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் பத்திதான் பேசுவாங்க. அது இன்ஃப்ராரெட், அதுக்கு டெலஸ்கோப்போட சொந்தச் சூடே எதிரி, அதனாலதான் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி சன்ஷீல்டு போட்டு குளிர வச்சிருக்காங்க. எக்ஸ்ரே காத்து மண்டலத்தைத் தாண்டி கீழ வர்றதே இல்ல. நம்ம பட்ஜெட்டுக்கு ரேடியோதான், மேகம் இருந்தாலும் பட்டப்பகலா இருந்தாலும் அது பாட்டுக்கு மாடிக்கு வந்துட்டே இருக்கும்.

பிடிக்கப் போறது 1420.4 மெகாஹெர்ட்ஸ், 21 சென்டிமீட்டர் அலை. ஹைட்ரஜன் அணுவுல எலக்ட்ரானோட ஸ்பின் (அதோட குட்டி காந்தத் திசைன்னு வச்சுக்கோங்க) தலைகீழாகும்போது வர்றது, ஒரு அணுவை நம்பி உக்காந்தா ஒரு கோடி வருஷம் ஆகும், ஆனா பால்வீதியில ஹைட்ரஜன் அவ்ளோ கொட்டிக் கெடக்கு. டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் 1944ல இது கிடைக்கும்னு சொன்னார், 1951 மார்ச்ல ஹார்வர்டுல இயற்பியலாளர்கள் யூவனும் பர்செலும் ஜன்னலுக்கு வெளிய ஹார்ன்னு சொல்ற கூம்பு ஆன்டெனாவை நீட்டி வச்சுப் பிடிச்சாங்க (மழை பெஞ்சா அது வழியா லேபுக்குள்ள தண்ணி கொட்டுமாம்). நாமளும் ஹார்னே செய்யலாம், டிஷ்ஷுல ஃபோகஸ் சரி பண்றதுக்குள்ள வெறுத்துரும்.

சுமார் 15 செ.மீ விட்டமும் 28 செ.மீக்குக் குறையாத நீளமும் இருக்கிற தகர டின் ஒண்ணு எடுங்க. விட்டம் 12.4க்கு கீழ போனா அலை உள்ளயே நுழையாது, 16க்கு மேல போனா வேண்டாத மோடு (அலை உள்ள பரவுற வேற வடிவம்) எல்லாம் சேந்து வரும், அதனால இதுல மட்டும் அட்ஜஸ்ட் பண்ணாதீங்க. மூடின பக்கத்துல இருந்து 9 செ.மீ தள்ளி ஓட்டை போட்டு எஸ்எம்ஏ கனெக்டர் (ஆன்டெனாவுக்குப் போடுற சின்ன திருகு கனெக்டர்) மாட்டி, உள்ள 5 செ.மீக்கு செம்புக் கம்பி சால்டர் பண்ணுங்க. திறந்த பக்கம் அட்டையில கூம்பு செஞ்சு உள்பக்கம் அலுமினியம் ஃபாயில் ஒட்டணும், ஃபாயில் டின் தகரத்தோட நல்லா தொட்டுட்டு இருக்கணும். வாய் 75 செ.மீ இருந்தா வானத்துல கிட்டத்தட்ட 20 டிகிரி அகலம் பாக்கும், பால்வீதிக்கு அது தாராளம்.

1420க்குன்னே ஃபில்டரோட வர்ற எல்என்ஏ (அதிகம் இரைச்சல் சேக்காம சிக்னலைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) விக்கிது, அதை கனெக்டர்லயே நேரா மாட்டுங்க, நடுவுல கேபிள் வந்தா சிக்னல் அங்கயே செத்துரும். அதுக்கப்புறம் கேபிள், ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பில மாட்டுற ரேடியோ ரிசீவர்), லேப்டாப். டாங்கிள்ல பயாஸ் டீ (கேபிள் வழியாவே கரண்ட் அனுப்புற வசதி) ஆன் பண்ணாம எல்என்ஏக்கு கரண்ட் போகாது. எல்இடி பல்பு, சார்ஜர் இதெல்லாம் பக்கத்துல வேணாம், லேப்டாப்பையும் கொஞ்சம் தள்ளியே வைங்க.

நிறைய பேர் தோக்குறது இனிமேதான். மொதல் தடவை ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ல எவ்ளோ சிக்னல்னு காட்டுற கோடு) பாத்தா ஒண்ணுமே இருக்காது, ஃபில்டரோட வளைவு மட்டும் தெரியும், ஏன்னா நம்ம சிக்னல் அந்த இரைச்சல் மேல லேசா ஒரு மேடு, அவ்ளோதான். அதனால மொதல்ல பால்வீதியை விட்டு விலகின வானத்தை நோக்கி வச்சு அஞ்சு நிமிஷம் ஆவரேஜ் எடுங்க, கெயினை (சிக்னலைப் பெருக்குற அளவு) தொடாம அப்புறம் பால்வீதி பக்கம் திருப்பி அதே மாதிரி எடுங்க, ரெண்டாவதை மொதலால வகுத்தா மேடு வெளிய வந்துரும். ஆகஸ்ட் ராத்திரின்னா சிக்னஸ் விண்மீன் கூட்டம் பக்கம் நல்லா வரும், எங்க இருக்குன்னு ஸ்டெல்லேரியம்ங்கிற வான்பட சாஃப்ட்வேர் காட்டும். நட்டநடுவுல ஊசி மாதிரி நிக்கிறது டாங்கிளே உண்டாக்குற டிசி ஸ்பைக், அதைப் பாத்து குதிக்காதீங்க. ட்யூனிங்கை 300 கிலோஹெர்ட்ஸ் நகத்துங்க, ஸ்பைக் கூடவே நகரும், ஹைட்ரஜன் அதோட இடத்துலயே நிக்கும்.

மேடு கரெக்டா 1420.406ல இருக்காது, ரெண்டு மூணா பிரிஞ்சு கூட வரலாம். அது டாப்ளர் (வேகத்தால அதிர்வெண் மாறுறது), பால்வீதியோட ஒவ்வொரு சுருள்கையும் ஒவ்வொரு வேகத்துல போகுது. 4.7 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தா செகண்டுக்கு 1 கிலோமீட்டர்னு கணக்கு வைங்க, அதிர்வெண் கூடினா நம்மள நோக்கி வருது, குறைஞ்சா விலகிப் போகுது. தேதி, நேரம், திசை மூணையும் எழுதி வைங்க, பூமியே செகண்டுக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல சூரியனைச் சுத்துறதால அதே இடத்தை ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா மேடு தள்ளி நிக்கும், டாங்கிள் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கிடாதீங்க.