பழைய ஸ்பனர், சொக்கெட் செட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும் கறள் எடுத்துப் பாவனைக்குக் கொண்டுவருவதும்

திருகோணமலையில் எந்தப் பழைய இரும்புக்கடைக்குள் போனாலும் ஒரு மூலையில் ஸ்பனர் குவியல் கிடக்கும். அதில் பல அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் கறள் இல்லை. கராஜில் ஒருவர் கையில் எடுத்திருப்பார், ஓட்டோ நட்டிலும் உட்காராது, வள்ளத்து யமஹா என்ஜின் நட்டிலும் உட்காராது, அடித்திருக்கும் அளவும் விளங்காது. பழசு, தேய்ந்துபோச்சு என்று தூக்கிப் போட்டிருப்பார். தேய்ந்தது ஒன்றுமில்லை. அது வேறொரு அளவு முறையில் செய்த சாமான், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் இப்படியானவை தேடினால் கிடைக்கும். 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. சீனக்குடாவில் விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள். 1927இல் வந்த ரயில் பாதை. வயல்களுக்குத் தண்ணீர் இறைத்த லிஸ்டர் என்ஜின்கள், பிறகு வந்த மாசி பெர்குசன் உழவு இயந்திரங்கள். இவை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட அங்குல அளவு ஸ்பனர்தான் வேண்டியிருந்தது. அந்தச் சாமான்களில் மிஞ்சியவை இன்றைக்கும் கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டு உருக்குவதற்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இதை வாசிக்கும் நாலு பேர் அதில் கொஞ்சத்தையாவது காப்பாற்றினால் எனக்குச் சந்தோஷம்.

முதல் வேலை: அளவைப் படிக்கப் பழகுங்கள்

இதைப் பழகாமல் எதையும் வாங்க வேண்டாம். மில்லிமீட்டர் ஸ்பனரில் 13 என்று இருந்தால் அதன் வாய் அகலம் 13 மி.மீ. ஏ.எஃப் என்று அடித்த அங்குல ஸ்பனரும் அப்படித்தான், 1/2 ஏ.எஃப் என்றால் வாய் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இதுவரை சிக்கல் இல்லை.

விட்வர்த் ஸ்பனரில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அதில் இருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, அந்த நட்டுக்குள் போகும் போல்ட் தண்டின் விட்டம். ஜோசப் விட்வர்த் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் 1841இல் முன்வைத்த மரை முறையிலிருந்து வந்த வழக்கம் இது. ஆகவே 1/2 டபிள்யூ என்று அடித்த ஸ்பனரின் வாய் அரை அங்குலம் இல்லை, 0.920 அங்குலம். கலிப்பரில் (அகலத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) பிடித்தால் 23.4 மி.மீ அளவில் காட்டும். 12.7ஐ எதிர்பார்த்துப் பிடிப்பவர், வாய் விரிந்துபோன ஸ்பனர் என்று முடிவுகட்டிவிடுவார்.

அதே ஸ்பனரில் பி.எஸ் அல்லது பி.எஸ்.எஃப் என்று இன்னொரு எண்ணும் இருக்கலாம். அது பிரித்தானிய நுண்மரை. நுண்மரைப் போல்ட்டின் தலை ஒரு அளவு சிறியது என்பதால் 7/16 டபிள்யூவும் 1/2 பி.எஸ்ஸும் ஒரே வாய்தான்: 0.820 அங்குலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருக்கை மிச்சம்பிடிக்க விட்வர்த் போல்ட் தலைகளையும் அந்தச் சின்ன அளவுக்கே குறைத்தார்கள். அதனால் பழைய இயந்திரம் ஒன்றில் ஒரே தடிப்புள்ள இரண்டு போல்ட்டுக்கு இரண்டு அளவு ஸ்பனர் தேவைப்பட்டால் குழம்ப வேண்டாம்.

அடிக்கடி கைக்கு வரும் விட்வர்த் வாய் அளவுகளை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். 3/16க்கு 11.3 மி.மீ, 1/4க்கு 13.3, 5/16க்கு 15.2, 3/8க்கு 18.0, 7/16க்கு 20.8, 1/2க்கு 23.4. நல்ல ஸ்பனரில் வாய் இதைவிட மயிரிழை அதிகமாக இருக்கும். நட்டு உள்ளே போக அந்த இடைவெளி வேண்டும். கால் மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அது பார்க்க மட்டும் உதவும், வேலைக்கு உதவாது. இன்னொன்று: 1/4 விட்வர்த் ஸ்பனர் 13 மி.மீ நட்டில் ஏறும். ஏறினாலும் திருப்பாதீர்கள், நட்டின் மூலை மழுங்கிவிடும்.

கடையில் எதைப் பார்த்து எடுப்பது

கையில் ஒரு கலிப்பர், ஒரு பழந்துணி, சின்னப் போத்தலில் மண்ணெண்ணெய். இவ்வளவும் போதும். "நானா, இந்தக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாக்கட்டா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கிளறிய பிறகு குவியலை அப்படியே சரிசெய்து வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை உங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள்.

எழுத்து இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். கிங் டிக், பிரிட்டூல் இரண்டும் இங்கிலாந்துச் சாமான். கெடோரே, ஸ்டால்வில்லே ஜேர்மனியினுடையவை. டப்பாரியா இந்தியாவினுடையது. பெயரே தெரியாத நல்ல சாமானும் நிறைய உண்டு, பெயருக்காக மட்டும் வாங்கத் தேவையில்லை. மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று அடித்திருந்தால் மட்டும் விடாதீர்கள். பிரித்தானிய அரச உடைமைக்கு இட்ட அடையாளம் அது. துறைமுக ஊரில் அந்தக் குறியோடு ஒரு ஸ்பனர் கிடைப்பது இந்த ஊரின் வரலாற்றில் ஒரு துண்டு கிடைப்பதுதான்.

பிறகு குறைகளைத் தேடுங்கள். ஸ்பனர் தலையில் நீலம் அல்லது ஊதா படிந்திருந்தால் யாரோ நெருப்பில் காட்டியிருக்கிறார்கள், உருக்கின் பதம் போயிருக்கும். ஒட்டுப் போட்டது, கிரைண்டரில் வாயைப் பெருப்பித்தது, குழாய் மாட்டி வளைத்தது எல்லாம் வேண்டாம். சொக்கெட்டை, அதாவது நட்டின் மேல் தொப்பி மாதிரிக் கவிழும் துண்டை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். முனைகள் கூராக இருக்க வேண்டும். கைபிடி நுழையும் சதுரத் துளையின் நாலு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கறளைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். மேற்கறள் போய்விடும், வாயின் உட்பக்கத்தில் குழி விழுந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

முழு செட் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். கைபிடி வேறு, சொக்கெட் வேறாகக் கழற்றி மாட்டும் யோசனையோடு 1920இல் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் 5 கைபிடியும் 10 சொக்கெட்டும் சேர்த்து ஒரு செட்டாக விற்றது. அந்த யோசனையால் இன்றைக்கும் நமக்கு நன்மை. சதுரத்தின் அளவு 1/4, 3/8, 1/2, 3/4 அங்குலம் என்று நிலைத்துவிட்டது, மில்லிமீட்டர் செட்டுகளிலும் சதுரம் அங்குலம்தான். ஒரு நிறுவனத்தின் றட்செட்டில் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் கைபிடி) இன்னொரு நிறுவனத்தின் சொக்கெட் ஏறும். முதலில் 1/2 அங்குலச் சதுரத்தில் மட்டும் சேருங்கள், உதிரியாகவே ஒரு செட் நிரம்பிவிடும்.

கழுவுவதும் பூச்சை இனங்காண்பதும்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பேசினில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். காலையில் பழைய பல் பிறஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் அலம்பித் துடையுங்கள். எண்ணெய்ப் பிசின் இருக்கும் இடத்தில் அடுத்து வரும் எதுவும் வேலை செய்யாது.

இப்போது பூச்சு என்ன என்று தெரியும். பளபளப்பாக இருந்தால் குரோமியம். கறுப்பு அல்லது வெறும் உருக்கு நிறமும் வரும். மங்கின சாம்பல் வெள்ளையாக, சில இடத்தில் மஞ்சள் ஓடி இருந்தால் காட்மியமாக இருக்கலாம். போர்க்காலச் சாமான்கள் சிலவற்றுக்கு அதைப் பூசினார்கள். காட்மியம் நஞ்சு. அதை உரசக் கூடாது, சூடாக்கக் கூடாது, அமிலத்தில் போடக் கூடாது. கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் பூசி அப்படியே வையுங்கள். பூச்சு என்னவென்று சந்தேகமாக இருந்தாலும் இதையே செய்யுங்கள்.

குரோமியப் பூச்சில் புள்ளிக் கறள் இருந்தால் எமரித் தாள் வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, கீறாது. கறள் கறுப்புக் கூழாகக் கழன்று வரும். பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தால் அந்த ஸ்பனரைப் பாவிக்காதீர்கள். அந்த ஓரம் பிளேட் மாதிரி கையைக் கிழிக்கும்.

கறள் எடுப்பது

பூச்சில்லாத உருக்குக்கு வினாகிரி போதும். சாமான் மூழ்கும்வரை விட்டு, சில மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பித்தளைப் பிறஷால் தேயுங்கள். ஒரு இரவு போதும். நாட்கணக்கில் விட்டால் அமிலம் நல்ல உருக்கையும் தின்னும், எழுத்தின் ஓரங்கள் கரையும். அமிலத்தில் கிடந்த கடினமான உருக்கு நொறுங்கும் தன்மையும் பெறலாம். ஆகவே எடுத்த அன்றைக்கே பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். பற்றறி அமிலமும் கக்கூசு கழுவும் அமிலமும் பக்கத்திலேயே வர வேண்டாம்.

வெளியே எடுத்ததும் ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதில் சில நிமிடம் போட்டு, பிறகு கழுவுங்கள். கடலோரப் பகுதியில் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு அதைப் பாவிக்காதீர்கள். நீங்கள் எடுத்த கறளை அந்த உப்பே திருப்பிக் கொண்டுவந்துவிடும். மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் இரண்டு நன்மை: உப்பு இல்லை, உருக்கு சூடாவதால் ஈரமும் தானே பறந்துவிடும். சூடு ஆறுவதற்குள் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தள்ளிப்போட்டால் சில நிமிடத்திலேயே செம்மஞ்சளாய் ஒரு படலம் ஓடிவிடும்.

கறள் தடிப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றறி சார்ஜரின் கழிவு (−) முனையை ஸ்பனருக்கும், கூட்டு (+) முனையை ஒரு பழைய கொங்கிறீட் கம்பிக்கும் பூட்டி, இரண்டும் தொடாமல் தொங்கவிடுங்கள். முனை மாறினால் ஸ்பனர்தான் கரையும். எவர்சில்வர் துண்டைக் கூட்டு முனையில் போடாதீர்கள், நஞ்சான குரோமியம் கரைந்து வரும். கறியுப்பும் போடக் கூடாது. ஐதரசன் வாயு வரும் என்பதால் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். பூச்சுள்ளவற்றை இதில் போட வேண்டாம்.

கிரைண்டரில் கம்பிச் சில்லு மாட்டிப் பளபளக்கச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. ஐந்து நிமிடத்தில் கறளும் போகும், நிறுவனத்தின் பெயரும் அளவும் அம்புக்குறியும் போகும். அளவு அழிந்த ஸ்பனரை ஒவ்வொரு தரமும் கலிப்பரால் அளந்துதான் எடுக்க வேண்டும். கறள் போன பிறகு உருக்கு சாம்பல் கறுப்பாக இருந்தால் அதுவே அதன் வயது. அங்கே நிறுத்திவிடுங்கள்.

றட்செட்டைத் திறப்பது

இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். பின்புறத் தகட்டில் சின்ன ஸ்குரூக்கள் இருக்கும், அல்லது ஒரு சேர்க்கிளிப் (தகட்டைப் பிடித்திருக்கும் வில்லு வளையம்). உள்ளே பல்லுச்சில்லு, அதைக் கடிக்கும் நாக்கு, நாக்கைத் தள்ளும் அரிசியளவு வில்லு, சிலவற்றில் ஒரு குண்டு. தகடு எழும்பியதும் வில்லும் குண்டும் தெறிக்கும். பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்தால் எங்கே தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு துண்டையும் எடுக்குமுன் கைபேசியில் படம் எடுங்கள், நாக்கு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது முக்கியம்.

மண்ணெண்ணெயில் கழுவி, நாக்கின் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். நுனி கூராக இருந்தால் நல்லது. உருண்டு மழுங்கியிருந்தால் பலம் கொடுக்கும்போது வழுக்கும், கை போய் என்ஜினில் அடிபடும். திரும்பப் பூட்டும்போது தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். சில்லுத் தாங்கிக்குப் போடும் தடித்த கிறீஸை உள்ளே அப்பினால் நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லைக் கடிக்காது. பூட்டி முடித்துக் காதோரம் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஒரு இடத்தில் சத்தம் விட்டுப்போனால் பல்லில் அழுக்கு மிஞ்சியிருக்கிறது, அல்லது அந்தப் பல் உடைந்திருக்கிறது.

வைப்பது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எதுவும் தானாகக் காய்ந்துவிடும், முடிந்தால் இந்த வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கடற்பக்க வீடுகளில் காற்றே உப்புத்தான். தையல் மெசின் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடி இறுகும் பெட்டியில் வையுங்கள். பருத்தித்துணி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதில் சுற்ற வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப்பிடித்துவிடும். கழிவு என்ஜின் எண்ணெயில் அமிலம் இருக்கும். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் பெட்டிக்குள் போடுங்கள்.

விட்வர்த், ஏ.எஃப், மில்லிமீட்டர் மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, மூடியில் பெயின்றால் எழுதிவிடுங்கள். வேலைக்கு எடுக்கும்போது குரோமியச் சொக்கெட்டை மின்சார, காற்று இம்பாக்ட் கருவியில் மாட்டாதீர்கள், அது சிதறிக் கண்ணில் அடிக்கும். கைபிடியில் குழாய் செருகியும் நீட்ட வேண்டாம். இறுகிய நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்திருந்து, வாய் முழுதாகப் பிடிக்கும் றிங் ஸ்பனரைப் போட்டு உங்கள் பக்கமாக இழுங்கள்.