தமிழ்க் குறுஞ்செய்தி சிதையாமல் போய்ச் சேர

கணினியிலிருந்து கைபேசிகளுக்கு அறிவிப்புகளை அனுப்பும் நிரலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் ஒரு வரியை அனுப்பிச் சோதித்து, அது சரியாகப் போய்ச் சேர்ந்ததும், தமிழும் அதே வழியில் தடையின்றிப் போய்விடும் என்று நம்பிவிடுகிறார்கள். பிறகு ஒருவருடைய திரையில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன, இன்னொருவருக்குச் சொல்லின் நடுவே முறிந்த இரண்டு செய்திகள் வருகின்றன, மாத முடிவில் கட்டணமும் கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்காகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அக்காரணங்களை முன்கூட்டியே விலக்கவும் முடியும். தமிழில் செய்தி பெறுகிறார் என்பதற்காக ஒருவர் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது.

140 பைட் என்னும் அளவுகோல்

ஒரு குறுஞ்செய்தியில் உள்ளடக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட் மட்டுமே. 1980களின் நடுவில் ஜிஎஸ்எம் என்னும் கைபேசி வலையமைப்புத் தரநிலை உருவாகிக்கொண்டிருந்தபோது, ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் உள்ளிட்ட பொறியாளர்கள், அழைப்புகளை இணைக்கவும் கைபேசி எங்கிருக்கிறது என்று அறியவும் ஏற்கெனவே இயங்கிய சமிக்ஞைத் தடத்திலேயே சிறிய எழுத்துச் செய்திகளையும் அனுப்பலாம் என்று கண்டார்கள். தடம் வேறு வேலைக்கானது என்பதால் செய்தியும் சிறியதாகவே இருக்க வேண்டியிருந்தது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 140 பைட் என்பது 1,120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் வீதம் பிரித்தால் 160 எழுத்துகள் கிடைக்கும். எல்லாரும் அறிந்த அந்த 160 இப்படித்தான் பிறந்தது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் அனுப்பிய முதல் குறுஞ்செய்தியும் ஒரு கணினியிலிருந்து கைபேசிக்குப் போனதுதான். நாம் எழுதும் நிரல் செய்யவிருப்பதும் அதே வேலையைத்தான்.

அந்த 7 பிட் எழுத்துத் தொகுப்பில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில ஐரோப்பிய எழுத்துகளும் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் செய்தி முழுவதும் யூசிஎஸ்-2 என்னும் முறைக்கு மாறிவிடும். அம்முறையில் ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் செலவாவதால், 140 பைட்டில் 70 குறிகளே அடங்கும். அந்தச் செய்தியில் கலந்திருக்கும் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, முற்றுப்புள்ளி ஆகியவையும் இரண்டு இரண்டு பைட்டாகவே கணக்கில் சேரும். ஆங்கிலச் செய்தியில்கூட, சொற்செயலியிலிருந்து ஒட்டிய ஒரு வளைந்த மேற்கோள்குறி 160ஐ 70ஆக்கிவிடக்கூடும் என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழுக்கென்று தனி 7 பிட் அட்டவணையும் தரநிலையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஒரே செய்தியில் 155 குறிகள் வரை அனுப்பலாம். ஆனால் அனுப்பும் அமைப்பு, செய்தியை வாங்கிப் பெறுநருக்குத் தள்ளும் குறுஞ்செய்தி மையம், பெறும் கைபேசி ஆகிய மூன்றும் அந்த அட்டவணையை அறிந்திருந்தால்தான் செய்தி படிக்கும்படி இருக்கும். யார் கையில் எந்தக் கைபேசி இருக்கிறது என்று தெரியாத நிலையில் அதை நம்பி அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் கணக்கில் வரும் குறியும்

தமிழில் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரநிலையான யூனிக்கோடு பல குறிகளாக எண்ணுகிறது. ‘கி’ என்பது அகர மெய்யும் இகரச் சுழியுமாக இரண்டு குறிகள். ‘க்’ என்பதில் புள்ளியும் ஒரு தனிக் குறி. ‘ஸ்ரீ’ நான்கு குறிகள். கீழே உள்ள சாதாரண அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்:

நாளை காலை 9 மணிக்குக் கூட்டம் தொடங்கும். அடையாள அட்டையுடன் வருக. நன்றி.

இடைவெளிகளையும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 47 எழுத்துகள். வலையமைப்பின் கணக்கில் இது 71 குறிகள். எல்லையை ஒரே ஒரு குறி தாண்டியதால் இரண்டு செய்திகளாகிவிடும். கடைசி முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டால் சரியாக 70, ஒரே செய்தி. பத்தாயிரம் பேருக்கு அனுப்புகிறவருக்கு அந்த ஒரு புள்ளியின் விலை இன்னும் பத்தாயிரம் செய்திகள்.

அதோடு முடியவில்லை. ‘தொடங்கும்’ என்ற சொல்லில் உள்ள ‘தொ’வை ‘த’வும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகளில் எழுதலாம், ‘த’, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் சில மென்பொருள்கள் எழுதிவைக்கின்றன. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டாம் முறையில் வந்த உரை, முற்றுப்புள்ளி இல்லாமலேயே 71 ஆகிவிடும். ஆகவே உரையைக் கணக்கிடுவதற்கு முன் என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்துக்கு உட்படுத்திவிட வேண்டும்; பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகளும், வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வந்து சேரும் பிரியா இடைவெளிகளும் இதே கட்டத்தில் களையப்பட வேண்டும்.

நீளத்தை அளப்பதற்கு நிரல்மொழி தரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இரண்டு பைட் அலகுகளை எண்ணுவதால் நமக்கு வேண்டிய எண்ணையே தருகின்றன. பைத்தான், யூனிக்கோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் குறியெண்களை எண்ணுகிறது. இரண்டு அலகு பிடிக்கும் எமோஜியை அது ஒன்றாகவே காட்டும். பிஎச்பியின் வழக்கமான நீளச் செயற்கூறோ, யூனிக்கோடு உரையைச் சேமிக்கும் இன்னொரு முறையான யூடிஎஃப்-8இன் பைட்டுகளை எண்ணி, ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று என்று சொல்லும். எந்த மொழியானாலும், உரையை இரண்டு பைட் அலகுகளால் எழுதும் யூடிஎஃப்-16க்கு மாற்றிக் கிடைக்கும் பைட்டுகளை எண்ணி 140உடன் ஒப்பிடுவதே பிழைக்கு இடம் தராத வழி.

நீண்ட செய்தியைத் துண்டாக்கும் முறை

70 குறிகளுக்குள் அடங்காத செய்தியைத் துண்டுகளாக்கி, அவை ஒன்றைச் சேர்ந்தவை என்று பெறும் கைபேசிக்குச் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 6 பைட் கொண்ட ஒரு தலைப்பகுதி வைக்கப்படுகிறது. அவற்றில் முதல் மூன்றும் மாறாதவை: 5, 0, 3. தலைப்பகுதியில் இன்னும் 5 பைட் இருக்கின்றன, இது துண்டு இணைப்புக்கானது, அதற்குரிய விவரம் 3 பைட் என்று அவை முறையே தெரிவிக்கின்றன. அடுத்து வருபவை செய்தியின் அடையாள எண், மொத்தத் துண்டுகள், இந்தத் துண்டின் வரிசை எண். 140இல் இந்த 6 போக 134 பைட் மிஞ்சுவதால், ஒரு துண்டில் 67 தமிழ்க் குறிகளே அடங்கும். அடையாள எண்ணுக்கு இரண்டு பைட் தரும் இன்னொரு வடிவமும் உண்டு, அதில் 66தான்.

மேலே கண்ட அறிவிப்பை 67இல் வெட்டிப் பார்த்தால் தமிழுக்கே உரிய சிக்கல் தெரியும். 67ஆவது குறி ‘நன்றி’யில் உள்ள ‘ன’. அதன் மேல் இருக்க வேண்டிய புள்ளி இரண்டாம் துண்டின் முதல் குறியாகிவிடும். கைபேசி துண்டுகளைச் சரியாக இணைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இணைக்காத கைபேசியிலோ, ஒரு துண்டு முன்னே வந்து மற்றொன்று தாமதமாகும்போதோ, முதல் செய்தி ‘நன’ என்று முடியும். இரண்டாவது, அமர இடமில்லாத ஒரு புள்ளியோடு தொடங்கும். வயதானவர் ஒருவர் தமக்கு வந்த செய்தியை இப்படிப் பார்த்துவிட்டுத் தம் கைபேசி பழுதாகிவிட்டது என்று எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். பிழை முழுவதும் அனுப்பிய நிரலினுடையது.

ஆகவே துண்டாக்கும் செயற்கூறு 67ஆம் குறியிலிருந்து பின்னோக்கிப் போய், கடைசி இடைவெளியைக் கண்டுபிடித்து அங்கேயே வெட்ட வேண்டும். இடைவெளியே இல்லாத நீண்ட இணைய முகவரி போன்றவை வந்தால், குறைந்தபட்சம் புள்ளி, கொம்பு, சுழி, கால் ஆகியவை தம் மெய்யைவிட்டுப் பிரியாமலும், எமோஜியின் இரண்டு பாதிகள் இரண்டு துண்டுகளில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி வெட்டுவதால் சில நேரம் ஒரு துண்டு கூடுதலாகும் என்பது உண்மை. அந்தச் செலவு தகும் என்பது என் தீர்மானமான கருத்து.

அடையாள எண் ஒரு பைட் என்பதால் 0 முதல் 255 வரைதான் போகும். எல்லாச் செய்திகளுக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டால், ஒருவருக்கு அடுத்தடுத்துப் போன இரண்டு நீண்ட செய்திகளின் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். பெறுநர் ஒவ்வொருவருக்கும் தனியாக எண்ணை ஏற்றிக்கொண்டே போவது பாதுகாப்பானது.

மையத்திடம் ஒப்படைத்தல்

குறுஞ்செய்தி மையத்தோடு நிரல் பேசுவதற்குப் பரவலாகப் பயன்படும் நெறிமுறை எஸ்எம்பிபி. அதன் 3.4ஆம் பதிப்பே இன்றும் அதிகம் புழங்குகிறது. இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒப்படைக்கும்போது நான்கு புலங்களைத் தவறாமல் கவனிக்க வேண்டும். எழுத்துமுறையைக் குறிக்கும் ‘டேட்டா கோடிங்’ புலத்தில் 8 என்று எழுதினால் அது யூசிஎஸ்-2. அங்கே 0 என்று விட்டால், மையம் தன் இயல்பான எழுத்துத் தொகுப்பைக் கொண்டு படித்துத் தமிழைக் குப்பையாக்கும். தலைப்பகுதி வைத்த துண்டுகளில், ‘ஈஎஸ்எம் கிளாஸ்’ புலத்தில் அதற்கான பிட்டை இயக்க வேண்டும். பதின்ம எண்ணில் அதன் மதிப்பு 64. மறந்தால் அந்த 6 பைட்டும் செய்தியின் தொடக்கத்தில் புரியாத குறிகளாகத் தெரியும். டெலிவரி அறிக்கை வேண்டுமென்றால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். பெறுநர் எண், நாட்டுக் குறியீட்டோடு, அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட பன்னாட்டு வடிவில் இருக்க வேண்டும்.

பைட்டுகளின் வரிசையும் முக்கியம். ‘க’ என்ற எழுத்து 11, 149 என்ற வரிசையில் போக வேண்டும். சில கணினிகளின் இயல்பான வரிசைப்படி அது 149, 11 என்று தலைகீழாகப் போனால், தமிழ்ச் செய்தி சீன, கொரிய எழுத்துகளின் கலவையாக மாறி நிற்கும். அப்படி ஒரு செய்தியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், வரிசையைத் திருப்பினால் போதும்.

முழுச் செய்தியையும் ஒரே தொகுப்பாகக் கொடுத்து, துண்டாக்கும் வேலையை மையத்திடமே விட்டுவிடும் வசதியும் இந்த நெறிமுறையில் உண்டு. எளிது என்பதற்காகப் பலரும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அப்போது எங்கே வெட்டுவது என்ற உரிமை நம் கையைவிட்டுப் போய்விடும். அனுப்புநர் பெயரைத் தமிழில் வைக்க வழியில்லை. அந்த இடம் 7 பிட் தொகுப்பில் 11 எழுத்துகளை மட்டுமே ஏற்கும்.

ஒப்படைத்ததும் சேர்ந்ததும் ஒன்றல்ல

மையம் செய்தியைப் பெற்றுக்கொண்டதும் ஓர் ஒப்புகையும் செய்தி எண்ணும் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து ‘அனுப்பப்பட்டது’ என்று பதிந்துவிட்டு நிம்மதியடைவது பெருந்தவறு. மையம் அதன் பிறகே பெறுநர் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று சந்தாதாரர் பதிவேட்டைக் கேட்டறிந்து, அங்குள்ள இணைப்பகம் வழியாகக் கைபேசிக்குச் செய்தியைத் தள்ளுகிறது. கைபேசி அணைந்திருந்தால் செய்தி மையத்திலேயே காத்திருக்கும். பெறுநர் மீண்டும் வலையமைப்பில் தென்பட்டதும் பதிவேடு மையத்துக்குத் தகவல் தரும், மையம் மறுபடி முயலும். குறுஞ்செய்தியின் உண்மையான வலிமை இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் செல்லுபடிக் காலத்தால் நாமே சொல்லலாம். கைபேசியிலிருந்து போகும் செய்தியில் ஒரே பைட்டில் எழுதப்படும் காலம் 5 நிமிடம் முதல் 63 வாரம் வரை நீளும். மையங்கள் தங்கள் விருப்பப்படி அதைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் கடவு எண்ணுக்கு ஒரு நாள் செல்லுபடிக் காலம் கொடுத்தால், மறுநாள் காலை பழைய எண் வந்து பெறுநரைக் குழப்பும். நாளைய கூட்டத்துக்கான அறிவிப்பென்றால், கூட்டம் தொடங்கும் நேரத்தோடு அதன் காலமும் முடிய வேண்டும்.

டெலிவரி அறிக்கைகள் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே வரும். எல்லாத் துண்டுகளும் சேர்ந்தால்தான் செய்தி சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு வந்த செய்தியைப் பல கைபேசிகள் திரையில் காட்டுவதே இல்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மையம் பிழை திருப்பினால், சிறிது நின்று, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயல வேண்டும். பதிலே வராமல் இணைப்பு அறுந்துபோன செய்தியை உடனே திரும்ப அனுப்பக் கூடாது, ஏனெனில் அதை மையம் ஏற்கெனவே ஏற்றிருக்கலாம், பெறுநருக்கு ஒரே செய்தி இருமுறை போய்விடும். பணம் தொடர்பான அறிவிப்பு இருமுறை வந்தால் அவர் பதறிவிடுவார்.

குறுஞ்செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, வழியிலுள்ள மையங்களில் அது படிக்கும் நிலையிலேயே இருக்கிறது. ஆகவே முழுக் கணக்கு எண்ணையும், நோய் விவரத்தையும் அதில் எழுதாதீர்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பொத்தான் கைபேசி செய்தியை வாங்கிக்கொண்டு கட்டங்களைக் காட்டினாலும், அறிக்கை ‘சேர்ந்தது’ என்றே சொல்லும், ஏனெனில் அறிக்கை பைட்டுகளைப் பற்றியது, படிப்பைப் பற்றியது அன்று. அதனால் வெளியிடுவதற்கு முன் புதிய கைபேசி ஒன்றிலும், பழைய பொத்தான் கைபேசிகள் சிலவற்றிலும் சரியாக 70, 71, 134, 135 குறிகள் கொண்ட நான்கு செய்திகளை அனுப்பி, துண்டு எல்லையில் புள்ளி வைத்த மெய் விழுமாறு அமைத்து, நம் கண்ணாலேயே படித்துப் பார்க்க வேண்டும். தமிழ் தெரியாத கைபேசி என்று உறுதியான பெறுநருக்கு மட்டும், அவரைக் கேட்டறிந்து, அதே செய்தியை அவர் படிக்கக்கூடிய வேறு எழுத்தில் அனுப்ப ஒரு தெரிவைத் தரவுத்தளத்தில் அவர் எண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்ளலாம்.