சிறு பட்டறையில் கத்தி செய்தல்: எந்த வேலை சிஎன்சிக்கு, எந்த வேலை கைக்கு

ஒரே வடிவச் சமையல் கத்தியை இருபது, முப்பது என்ற எண்ணிக்கையில் செய்து விற்க நினைக்கும் பட்டறைக்காரர், கணினி வழிநடத்தும் சிஎன்சி இயந்திரத்தை நம்புவதா, அரத்தையும் பெல்ட் கிரைண்டரையும் நம்புவதா என்று கத்தி முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. வேலைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே கேட்க வேண்டும். வரைபடத்தில் எழுதிவிடக்கூடிய அளவே தரத்தைத் தீர்மானிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். உலோகம் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துச் செய்ய வேண்டியதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

தகட்டிலிருந்து கத்தியின் வடிவத்தை வெட்டி எடுப்பது முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு கத்தியை ஹேக்ஸாவாலும் அரத்தாலும் வெட்டலாம். முப்பதை அப்படி வெட்டினால், கூர் தீட்டுவதற்கு வேண்டிய பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும். இதற்காக இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர், அம்பத்தூர் போன்ற தொழிற்பகுதிகளில் லேசர் வெட்டை ஜாப் ஒர்க்காகச் செய்து தருகிறார்கள். அவர்களிடம் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் என்னும் கணினி வரைபடக் கோப்பில் கோடுகள் விடுபடாமல் மூடியிருக்க வேண்டும். அளவுகள் மில்லிமீட்டரில், அசல் அளவிலேயே இருக்க வேண்டும். சுற்றிலும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். 1084, 80சிஆர்வி2 போன்ற உயர்கரிம எஃகை லேசர் வெட்டும்போது, வெட்டுமுகத்தில் ஏறும் சூட்டைச் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் உடனே உறிஞ்சிக்கொள்வதால், தோய்ச்சல் (சூடேற்றிய எஃகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது) போட்டது போன்ற கடினமான படலம் அங்கே உருவாகிவிடுகிறது. அதன்மேல் அரம் வழுக்கும் என்பதால் அந்தக் கூடுதல் அளவைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பிடி ஆணிக்கான துளைகளையும் லேசரில் போட்டால், பின்னர் அவற்றைப் பெரிதாக்க நுழையும் டிரில் பிட் மழுங்கிவிடும். எனவே மையத்தை மட்டும் குறிக்கச் சொல்லி, துளையை டிரில்லிங் மெஷினில் போடுவதே நல்லது. வாட்டர்ஜெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கார்னெட் மணல் கலந்த தண்ணீர் சூடேற்றாமல் அறுக்கிறது. வெட்டுமுகம் மட்டும் சற்றே சாய்ந்திருக்கும்.

வெட்டுவாயை நோக்கிச் சரியும் பக்கங்களைக் கையால் எடுப்பதே சிறு பட்டறைக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து. பெரிய நிறுவனங்கள் இதைச் சிஎன்சி கிரைண்டிங் இயந்திரங்களில் செய்கின்றன. சிறிய மில்லிங் இயந்திரத்தில் 3 மில்லிமீட்டர் தகட்டைச் சரிவாகச் செதுக்க முயன்றால், அலகு மெலிய மெலிய அதிரத் தொடங்கும். ஒரு பக்கத்தை முடித்துத் திருப்பிப் போட்டால் அடியில் தாங்கல் இருக்காது. கட்டர் விட்டுச்செல்லும் வரிகளையும் கடைசியில் பெல்ட்டில்தான் எடுக்க வேண்டியிருக்கும். இவற்றைவிடப் பெரிய காரணம், தோய்ச்சலுக்குப் பின் எந்த இரண்டு அலகுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதாகும். ஒன்று முனையில் வளையும், மற்றொன்று நடுவில் முறுக்கிக்கொள்ளும். நிமிர்த்திய பிறகும் எஞ்சும் சிறு வளைவை அறியாத இயந்திரம், வரைபடத்தின் நேர்கோட்டையே பின்பற்றி ஓரிடத்தில் அதிகமாகவும் வேறிடத்தில் குறைவாகவும் எடுத்துவிடும். கை அந்த வளைவை உணர்ந்து அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும்.

முதலில் அலகின் விளிம்பில் மார்க்கர் மையைப் பூச வேண்டும். தகட்டின் கனத்துக்குச் சமமான விட்டமுள்ள டிரில் பிட்டையும் அலகையும் ஒரே சமதளத்தில் படுக்கவைத்து, பிட்டின் முனையால் விளிம்பு நெடுகக் கீறினால் நடுக்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை நோக்கி இரு பக்கமும் மாறி மாறி 36 அல்லது 60 எண்ணுள்ள சொரசொரப்பான பெல்ட்டில் தேய்த்து, வெட்டுவாயில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கனம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். இதைவிட மெலிந்த அலகு தோய்ச்சலில் எளிதாக வளைந்துவிடும். மீதியைத் தோய்ச்சலுக்குப் பின் எடுத்து, சமையல் கத்தியில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை கொண்டுவர வேண்டும். அப்போது அலகை வெறும் விரலால் பிடித்து, ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

எண்களுக்குக் கட்டுப்பட வேண்டிய வேலை சூட்டுப்பதம், அதாவது எஃகைச் சூடாக்கித் தோய்த்துப் பதப்படுத்துவது. பணம் ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே இருக்குமானால், அது சிஎன்சியாக அல்லாமல், வெப்பக் கட்டுப்பாடுள்ள மின் உலையாக இருக்கட்டும். எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போவது 770 டிகிரி செல்சியஸ் அளவில். 1084 எஃகைத் தோய்க்க வேண்டியதோ 815 டிகிரி அளவில். இந்த இடைவெளியைக் கண்ணால் பிடிக்கப் பழகிய கொல்லர்கள் உண்டு. முப்பது அலகுகளிலும் பிசகாமல் பிடிப்பது அரிது. சுடுபடுத்திய எண்ணெயில் தோய்த்தபின் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை டெம்பரிங் செய்து, அதாவது மிதமாகச் சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். ஏஇபி-எல் போன்ற துருப்பிடிக்காத எஃகுக்கு 1065 டிகிரியை ஒட்டிய சூடும், காற்றுப் படாத உறையும் தேவை என்பதால், அதைக் கரி உலையில் செய்ய முயலக் கூடாது. 1976இல் தொடங்கப்பட்ட, கத்தி செய்யும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் செயல்திறன் தேர்வில், கத்தி தொங்கும் கயிற்றை அறுத்து, மரத்தை வெட்டி, அதன்பின் மயிரை மழித்து, இறுதியில் 90 பாகை வளைத்தாலும் முறியாமல் நிற்க வேண்டும். இவ்வளவையும் தாங்கவைப்பது சூட்டுப்பதமும் விளிம்பின் வடிவமுமே.

பிடியைப் பொறுத்தவரை, துணி அல்லது கண்ணாடி இழையைப் பிசினில் இறுக்கிச் செய்யும் ஜி10, மிகார்டா போன்ற பலகைகளில் துளையையும் புறவடிவையும் சிஎன்சி ரவுட்டரில் எடுக்கலாம். மரம் ஈரத்துக்கு ஏற்ப அசையும் என்பதால் அலகோடு பொருத்திய பிறகு கையால் இழைப்பதே நல்லது. மடக்குக் கத்தியின் நிலை வேறு. அச்சுத் துளையும் பூட்டுத் தகடும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் பொருந்த வேண்டியிருப்பதால், அங்கே இயந்திரத்தைத் தவிர்ப்பது வீண் பிடிவாதம்.

ஜப்பானின் சகாய் நகரில் அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் மற்றொருவர் என்று வேலையைப் பகிர்ந்துகொள்வது நெடுங்கால வழக்கம். பகிர்வதால் கத்தியின் மதிப்பு குறைவதில்லை. எந்த வேலை எங்கே நடந்தது என்பதை வாங்குபவரிடம் மறைப்பதுதான் தவறு.

முதல் முறை முப்பதையும் வெட்டக் கொடுக்கக் கூடாது. மூன்றை மட்டும் வெட்டி வாங்கி, தோய்ச்சல், கூர், பிடி வரை முடித்து, வெங்காயமும் பூசணியும் நறுக்கிப் பார்த்து, விரல் இடிக்கும் இடத்தையும் துளை தள்ளிப்போன இடத்தையும் வரைபடத்தில் திருத்திய பிறகே மீதித் தகட்டை அனுப்ப வேண்டும்.