வாரக் கூட்டத்தில் பத்து நிமிடம்: உறுப்பினர்களின் சொந்தச் செய்திகளைக் கேட்பது எப்படி

ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டத்தில் தலைவர் மணியடித்து, இறைவணக்கம் முடிந்து, செயலாளர் தம் அறிவிப்புகளை வாசித்த பிறகு, சிறப்புப் பேச்சாளரை மேடைக்கு அழைப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கிடைக்கும். உறுப்பினர்கள் தத்தம் வீட்டுச் செய்தியை எழுந்து சொல்வதற்கான நேரம் அது. அமெரிக்கச் சங்கங்களில் ஒரு டாலரைப் பெட்டியில் போட்டுவிட்டு நல்ல செய்தி ஒன்றைச் சொல்வதால் இதற்கு ‘ஹேப்பி டாலர்’ என்று பெயர். நம் ஊர்ச் சங்கங்களில் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்தோடு இதையும் சேர்த்து நடத்துகிறார்கள். பெரும்பாலும் இந்தப் பொறுப்பு, கூட்டத்தின் ஏற்பாடுகளையும் ஒழுங்கையும் கவனிக்கும் சார்ஜென்ட் என்ற பொறுப்பாளரின் தலையில் விழும். ஜூலை 1 அன்று புதிதாகப் பொறுப்பேற்கும் சார்ஜென்ட்டுக்குக் கொடியை எங்கே வைப்பது, மணியை யார் எடுத்து வருவது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். இந்தப் பத்து நிமிடத்தை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதே பொறுப்பில் மூன்று ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இதை நிகழ்ச்சி நிரலில் இட்டு நிரப்பும் பகுதியாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரோட்டரியின் முதல் கூட்டத்துக்காக 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரின் யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறையில் கூடிய நால்வரில் பால் ஹாரிஸ் வழக்கறிஞர், மற்ற மூவரும் சுரங்கப் பொறியாளர், நிலக்கரி வியாபாரி, தையற்காரர். சிற்றூரில் வளர்ந்த ஹாரிஸ், பெருநகரில் தொழில் நடத்தியபோது ஊர்ப் பழக்கவழக்கத்தின் நெருக்கத்துக்கு ஏங்கித்தான் அந்தக் கூட்டத்துக்கு வித்திட்டார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. ஆகவே ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று மற்றவர் கேட்டுக்கொள்வது, போலியோ சொட்டு மருந்துக்கும் இரத்ததான முகாமுக்கும் முன்பே இந்த இயக்கத்தில் இருந்த வேலை.

வேலை கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பமாகிறது. மேடையில் நின்றுகொண்டு, “யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் சபை தலை குனிந்து கைப்பேசியைப் பார்க்கும், பிறகு, எப்போதும் பேசும் அந்த இருவர்தான் எழுந்து நிற்பார்கள். அதற்குப் பதிலாக, கூட்டத்துக்கு முன் காபியும் சுண்டலும் பரிமாறும் நேரத்தில் நான்கைந்து பேரிடம் போய் நின்று, “அண்ணே, இந்த வாரம் என்ன விசேஷம்?” என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதில் சபையில் சொல்லத்தக்கது எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். “இதைக் கூட்டத்தில் சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டு, இரண்டு பேரை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். முதல் இருவர் இயல்பாகப் பேசிவிட்டால் மூன்றாமவர் தானாக எழுவார்.

அந்த முதல் இருவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனின் புது வீட்டைப் பற்றி ஒருவர் தொடங்கிவைத்தால், அடுத்தவர் அதற்கு இணையான செய்தி தம்மிடம் இருக்கிறதா என்று தேடத் தொடங்குவார். இல்லாதவர் வாயைத் திறக்கமாட்டார். எங்கள் சங்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் ஒருநாள் எழுந்து, கடைக்குப் பின்னாலிருக்கும் கிணற்றில் இரண்டு கோடைகளுக்குப் பிறகு நீர் ஊறியிருப்பதாகவும், காலையில் வாளியை இறக்கியபோது சத்தம் மாறிக் கேட்டதாகவும் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. அன்றைக்கு அவருக்குப் பின் எட்டுப் பேர் பேசினார்கள். அவர்களில் மூவர் அதுவரை வாயே திறக்காதவர்கள். சிறிய செய்தியை முதலில் வைத்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது.

ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். கையில் கடிகாரத்தோடு நின்று எச்சரிப்பது அழகல்ல. பேசுபவருக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்றுகொண்டால் அவரே முடித்துக்கொள்வார். முப்பது பேருக்குள் உள்ள அரங்கில் ஒலிவாங்கி வேண்டாம். அது கைக்கு வந்தவுடன் சாதாரண மனிதரும் சொற்பொழிவாளராகிவிடுகிறார்.

உண்டியல் வைப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே தொகையாக வையுங்கள். எங்கள் சங்கத்தில் ஐம்பது ரூபாய். அதற்கு மேல் யார் கொடுத்தாலும் சார்ஜென்ட் வாங்கக் கூடாது என்பது விதி. தொகையைத் திறந்துவிட்டால் செய்தியின் மதிப்பு நோட்டின் நிறத்தில் தெரியத் தொடங்கிவிடும். துக்கச் செய்தி சொல்பவரிடம் பெட்டியை நீட்டவே கூடாது. மாதக் கடைசியில் எவ்வளவு சேர்ந்தது, எந்தப் பணிக்குப் போனது என்று ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள். லயன்ஸ் சங்கங்களில் இதே இடத்தில் டெயில் ட்விஸ்டர் என்ற பொறுப்பாளர் வேடிக்கையாக அபராதம் விதித்துச் சபையைக் கலகலப்பாக வைத்திருப்பார். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது என்றும், டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் விதிக்க வேண்டுமானால் வந்திருப்போர் அனைவரும் ஒருமனதாக இசைய வேண்டும் என்றும் அவர்களுடைய விதி சொல்கிறது. வேடிக்கைக்கும் வரம்பு வேண்டும் என்பதை அவர்கள் எழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

எதைக் கேட்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்காதீர்கள்; மதிப்பெண் குறைந்த பிள்ளையின் தகப்பனார் அந்த வரிசையில் எங்கோ உட்கார்ந்துகொண்டு தம் முறை நெருங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார். மகள் கருவுற்றிருப்பதையும், பேச்சுவார்த்தையில் இருக்கும் சம்பந்தத்தையும், பத்திரப்பதிவு முடியாத மனையையும் பலர் வெளியில் சொல்ல விரும்புவதில்லை. கண்பட்டுவிடும் என்ற அச்சத்தை நீங்கள் நம்பாவிட்டாலும் மதித்தாக வேண்டும். உங்களுக்குத் தனியாகத் தெரிந்த செய்தியை அவருக்குப் பதிலாக நீங்கள் அறிவிப்பது அன்பின் மிகுதியால் செய்யப்படும் தவறு, ஆயினும் தவறுதான். நோய்ச் செய்தி இன்னும் நுட்பமானது. அறுவை சிகிச்சை நடந்ததை ஒருவரே சொன்னால், எந்த உறுப்பில், எந்த மருத்துவமனையில், எவ்வளவு செலவு என்று சபையிலிருந்து எழும் கேள்விகளை அங்கேயே நிறுத்திவிட்டு, இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்ற ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடித்து முதன்முறையாகக் கூட்டத்துக்கு வருபவரை மேடையிலிருந்து விசாரிக்காதீர்கள். வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக அவர் உட்காரும் இடத்துக்கு அழைத்துப் போனால் போதும்.

இனி நான் செய்த பிழை. பொறுப்பேற்ற முதல் ஆண்டில், செயலாளர் கொடுத்த பட்டியலிலிருந்து அந்த வாரத் திருமண நாள்களை வாசித்துக்கொண்டே வந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவரின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் படித்துவிட்டு, இருவரையும் மேடைக்கு வரச் சொல்லிக் கைதட்டவும் தொடங்கினேன். அந்த அம்மாள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் சபையில் அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள். எனக்கும் யாரோ சொன்னதாகத்தான் நினைவு, ஆனால் பட்டியலை யாரும் திருத்தவில்லை. பெரியவர் தனியாக எழுந்து வந்து, சால்வையை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “நாற்பத்தொரு வருஷம், தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தார்.

மறுநாளே ஒரு குயர் நோட்டு வாங்கினேன். இந்தப் பொறுப்புக்கு வேண்டிய ஒரே கருவி அதுதான். உறுப்பினருக்கு ஒரு பக்கம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், யார் என்ன சொன்னார் என்பதை ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள்: “தாயாருக்குக் கண்புரை, அடுத்த புதன் அறுவை சிகிச்சை”, “மருமகள் வங்கித் தேர்வு எழுதுகிறார்”, “வாடகைக்காரருடன் தகராறு, பேச விரும்பவில்லை.” அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போங்கள். போன வாரம் சொன்னதன் தொடர்ச்சியை இந்த வாரம் நீங்கள் காபி நேரத்தில் கேட்கும்போதுதான், தாம் சொன்னதை ஒருவர் காதில் வாங்கியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். மாதம் இரண்டு முறை கூடினாலே போதும் என்று 2016இல் விதி தளர்த்தப்பட்டபின் பல சங்கங்கள் வாரந்தோறும் கூடுவதில்லை; அங்கெல்லாம் இடைப்பட்ட வாரத்தில் தொலைபேசியில் இரண்டு பேரையாவது அழைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து சொல்லித் தீர்ந்த செய்தியைக் கூட்டத்தில் மறுபடி வாசிப்பது வீண். குழுவில் பூங்கொத்துப் படங்கள் குவிந்த பிறந்தநாளுக்குரியவரிடம், அன்றைய தினம் உண்மையில் எப்படிக் கழிந்தது என்று கேளுங்கள். படத்தில் வராத ஒரு செய்தி கிடைக்கும்.

ஜூன் மாதக் கடைசியில் நோட்டை அடுத்த சார்ஜென்ட்டிடம் ஒப்படைக்கும்போது, பிறந்தநாள், திருமண நாள், மறைவுத் தேதிகளை ஒரு புதிய தாளில் படியெடுத்து, செயலாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுங்கள். நோய், கடன், குடும்பத் தகராறு பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். அவற்றைச் சொன்னவர்கள் உங்களை நம்பிச் சொன்னார்கள். அடுத்தவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.