ஃபிளஷ் மெதுவாகப் போகிறதா? முதலில் ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் போன ஐப்பசியில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கோப்பையில் மேலே ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் மனசில்லாமல் இறங்கும். மூன்று வாரம், இரண்டு பிளம்பர், ஒரு பாட்டில் ஆசிட். கடைசியில் பார்த்தால் கோளாறு கூரைக்கு மேலே! எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையில் இங்கே தருகிறேன்.

1. வாளிச் சோதனை

கோப்பையில் தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு சுமார் 8 லிட்டர் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சரேலென்று இழுத்துக்கொண்டு போனால் வெளியேறும் வழி சுத்தம். படி 2 போதும். ஏறி நின்றால் படி 3-க்குப் போங்கள்.

2. தண்ணீர் வரும் பக்கம்

டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் மிதவையை உயர்த்துங்கள். நிரம்பவே நேரமானால், டேங்க்குக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் வண்டல் அடைத்திருக்கலாம். ஊற்றுத் தண்ணீர் இழுக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் இது சகஜம். கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள்.

3. கோப்பையின் வளைவு

பிளஞ்சர் (அடைப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் கிண்ணம்) வாங்கும்போது அடியில் கழுத்து நீண்டிருப்பதை வாங்குங்கள். தட்டையான சிவப்புக் கிண்ணம் சிங்க்குக்குத்தான் சரி. கிண்ணம் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். பதினைந்து இருபது தடவை அழுத்தி இழுங்கள்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் இங்கே பீங்கான் ஐஸ் போல இருக்கும், விரிசல் விட்டுவிடும். கை பொறுக்கும் சூடு போதும். ஆசிட் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் ஊர் இது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

4. காற்றுக்குழாய் (நான் சறுக்கிய இடம்)

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். களக் களக் என்று விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். வீட்டுப் பின்சுவரில் கூரைக்கு மேல் நீண்டிருக்கும் நாலு இஞ்ச் குழாய்தான் அந்த இரண்டாவது ஓட்டை. அது அடைத்தால் ஃபிளஷ் விக்கும், பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் ட்ராப்பில் குமிழி வரும், நாற்றமும் அடிக்கும். எங்கள் வீட்டில் மூன்றும் இருந்தன. நான் ஆசிட் வாங்கப் போனேன்.

குழாய் உச்சியில் இருந்த தொப்பியைக் குரங்கு எப்போதோ உடைத்துவிட்டது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரச் சருகு முழுக்க உள்ளே. எங்கள் குழாய் கூரை விளிம்பைச் சுற்றி இரண்டு இடத்தில் வளைகிறது. அங்கே சருகு திரண்டு பந்தாகிவிட்டது. நான் செய்த முட்டாள்தனம், மூங்கில் கழியால் அதைக் கீழே தள்ளியது. பந்து போய் அடி வளைவில் உட்கார்ந்தது. அதுவரை மெதுவாகப் போனது, அன்றைக்கு அடியோடு நின்றது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் விருந்தாளிகள். பின்பக்கக் கழிவுநீர்ச் சேம்பரைத் திறந்து ஸ்பிரிங் கம்பி விட்டு எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அதனால் தள்ளாதீர்கள், மேலே இழுங்கள். கெட்டியான ஜி.ஐ. கம்பியின் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) நுனியைக் கொக்கியாக வளைத்து, முறுக்கி முறுக்கி வெளியே எடுங்கள். கை வெறுமையாக வந்த பிறகுதான் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட வேண்டும். பாசி பிடித்த கூரையில் மழை நாளில் ஏறாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம்.

5. செப்டிக் டேங்க்

குளியலறை, சமையலறை எல்லாமே சேர்ந்து மந்தமாகப் போனால், அதுவும் அடைமழையில் மட்டும் என்றால், டேங்க் நிரம்பியிருக்கலாம், அல்லது சுற்றியுள்ள மண் ஊறிப்போய்த் தண்ணீரை வாங்காமல் இருக்கலாம். கடைசியாக அள்ளி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். சரிவில் இருக்கும் வீடு என்றால் ரோட்டிலிருந்து எத்தனை அடி ஹோஸ் வேண்டும் என்று முன்பே அளந்து சொல்லிவிடுங்கள். டேங்க்குக்குள் நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் குன்னூரிலிருந்து ஒருவர், எல்லாப் படியும் செய்தும் களக் சத்தம் போகவில்லை என்று எழுதியிருந்தார். குழாய் உச்சியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கொசு வராமலிருக்க அதில் வலை கட்டச் சொல்லி அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்தார்.