மரக்காணம் உப்பளத்துக்கிட்ட கால் இழுத்துக்கிச்சு: லாங் சைக்கிள் ரைடுல கிராம்ப் வராம இருக்க என்ன செய்யணும்

திருவான்மியூர்ல விடியக்காலை 4 மணிக்கு கெளம்பி ஈசிஆர்ல ஒரே மூச்சுல பாண்டி போயிடலாம்னு போன என்னோட முதல் லாங் ரைடு அது. நூறு கிலோமீட்டர் தாண்டி மரக்காணம் உப்பளம் கண்ணுல படுற இடத்துல வலது கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி உருண்டு மேல ஏறிடுச்சு, ஊர்ல கொரக்களி பிடிச்சிருச்சும்பாங்களே அதேதான். ரோட்டோரம் உக்காந்துட்டேன். சுத்தி குவியல் குவியலா உப்பு, நான் நடுவுல உக்காந்து "உப்பு கம்மியாயிடுச்சுண்ணே"னு டீக்கடை அண்ணன்கிட்ட பொலம்பிட்டு இருக்கேன். ஆனா ரெண்டு பாட்டில்லயும் உப்பு போட்ட தண்ணிதான் இருந்துச்சு! வீட்டுக்கு வந்து ரைடு ரெக்கார்ட பாத்தப்பதான் புரிஞ்சுது, எப்பவும் மணிக்கு 22 கிமீ வேகத்துல போற ஆளு அன்னைக்கு ஒரு ஃபாஸ்ட் குரூப் பின்னாடி ஒட்டிக்கிட்டு முதல் 60 கிலோமீட்டரை 28ல ஓட்டியிருக்கேன்.

ஸ்டெப் 1: பிடிச்ச உடனே என்ன பண்ணணும்

மொதல்ல பெடல நிறுத்துங்க, ஓரங்கட்டி இறங்குங்க. கிளீட் ஷூ (பெடலோட லாக் ஆகுற ஷூ) போட்டிருந்தா பிடிச்ச காலை வெடுக்குனு திருப்பாதீங்க, நல்ல காலை முதல்ல கழட்டுங்க. கெண்டைக்கால்னா குதிகாலை தரையில ஊனி முழங்காலை நேரா வச்சு உடம்பை முன்னாடி சாய்க்கணும், தொடை முன்பக்கம்னா கணுக்காலை பிடிச்சு பின்னாடி இழுக்கணும், பின்தொடைன்னா காலை ஒரு கல்லு மேல நீட்டி வச்சு மெதுவா குனியணும். 20, 30 செகண்ட் அப்படியே நில்லுங்க, குத்தி குத்தி ஆட்டாதீங்க. தசைநார்ல இழுவையை உணர்ற ஒரு நரம்பு உறுப்பு இருக்கு, அது 'போதும் விடு'னு சதைக்கு சிக்னல் கொடுக்கும். சதை களைச்சுப்போனா அந்த சிக்னல் மங்கி 'இறுக்கு இறுக்கு'ங்கிற சிக்னல் ஓங்கிடுதுங்கிறதுதான் கிராம்ப்புக்கு இப்போ நிறைய பேர் ஏத்துக்கிற விளக்கம், நீங்க இழுத்துப் பிடிக்கிறப்போ அந்த மங்குன சிக்னல் திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்குது.

ஸ்டெப் 2: வேகத்தை அடக்குங்க (இதுதான் மெயின்)

அயர்ன்மேன் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த போட்டி) போன 210 பேரை வச்சு ஒரு ஆய்வு 2011ல வந்துச்சு. கிராம்ப் வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் ரத்தத்துல இருந்த சோடியத்துலயும் தண்ணி இழப்புலயும் பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா கிராம்ப் வந்தவங்க வேகமா போனவங்க, முன்னாடியே கிராம்ப் வந்த ஹிஸ்டரி உள்ளவங்க. அதனால முதல் ஒரு மணி நேரம் மூச்சு வாங்காம பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியிற வேகத்துல போங்க, எவன் ஓவர்டேக் பண்ணாலும் விடுங்க. 200 கிமீ பிஆர்எம்-க்கு (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கணும்கிற லாங் ரைடு, ரேஸ் இல்ல) டைம் 13.5 மணி நேரம், அவசரமே இல்ல. எதிர்காத்துல ஹெவி கியர்ல திணறி மிதிக்காம லைட் கியர் போட்டு நிமிஷத்துக்கு 80, 90 சுத்து வர்ற மாதிரி மிதிங்க. அப்புறம் 60 கிமீதான் பழக்கம்னா அடுத்த வாரமே 150 போகாதீங்க, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

ஸ்டெப் 3: சீட் உயரம்

ஷூ இல்லாம சுவத்துல சாஞ்சு நின்னு, ஒரு புக்கை ரெண்டு காலுக்கு நடுவுல மேல வரை ஏத்தி, தரையில இருந்து புக் விளிம்பு வரை அளங்க. அதை 0.883ஆல பெருக்குங்க. 80 செமீ வந்தா 70.6 செமீ, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) சுத்துற அச்சோட நடுவுல இருந்து சீட் மேல்பக்கம் வரை அவ்வளவு. இது ஆரம்பப் புள்ளிதான், அப்புறம் அரை செமீ முன்னபின்ன மாத்திப் பாருங்க. சீட் ரொம்ப ஏறிட்டா கால் விரலை நீட்டி நீட்டி எட்டி மிதிப்பீங்க, கெண்டைக்கால் மாட்டிக்கும்.

ஸ்டெப் 4: உப்பும் தண்ணியும்

உப்பு முக்கியமே இல்லன்னு சொல்லல. நம்ம வெயில்ல ஜெர்ஸி காஞ்சதும் முதுகுல வெள்ளையா கோடு படியுதே, அது உப்புதான். ஒரு மணி நேர ரைடுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, 1 கிலோ குறைஞ்சா சுமார் 1 லிட்டர் வேர்வை (நடுவுல குடிச்சதையும் கூட்டிக்கோங்க). 750 மில்லி பாட்டில்ல கால் டீஸ்பூன் உப்பு, ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம், சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கிடைச்சிரும். பிபி இருக்கிறவங்க டாக்டரை கேட்டுக்கோங்க. வாழைப்பழத்துல பொட்டாசியம் இருக்கு, சோடியம் இல்லவே இல்லன்னு சொல்லலாம், வேர்வையில அதிகமா போறது சோடியம், அதனால வாழைப்பழத்தை சாப்பாடா நினைச்சு சாப்பிடுங்க, கிராம்ப் மருந்தா இல்ல. வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா குடிக்கிறதும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் இறங்கி மயக்கம் வரைக்கும் கொண்டுபோகும். மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்தும் உள்ள போகணும், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், எதுவா இருந்தாலும்.

ஊறுகாய் தண்ணி குடிச்சா சரியாகும்னு சிலர் சொல்றதை நான் நக்கல் பண்ணிட்டு இருந்தேன். நம்ம எண்ணெய் ஊறுகாய் இல்ல, வெள்ளரிக்காயை வினிகர்ல உப்பு போட்டு ஊறவைக்கிற தண்ணி. 2010ல ஒரு ஆய்வுல கால் பெருவிரலை மடக்குற சதைக்கு ஷாக் கொடுத்து பிடிப்பை வரவழைச்சு இதைக் கொடுத்தப்போ ஒன்றரை நிமிஷத்துக்குள்ள விட்டுச்சு, வெறும் தண்ணி குடிச்சதை விட சீக்கிரமா. வயித்துல இருந்து ரத்தத்துக்கு உப்பு ஏற அவ்வளவு நேரம் பத்தாது, அந்த புளிப்பு தொண்டையில பட்டதும் நரம்பு வழியா எதோ அடங்குதுன்னு சொல்றாங்க. இப்போ என் ஜெர்ஸி பாக்கெட்லயும் ஒரு சின்ன டப்பா இருக்கு.

ஒண்ணு மட்டும்: ரைடு முடிஞ்சு மூத்திரம் கோலா கலர்ல போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி சூடா வலிச்சாலோ அது கொரக்களி இல்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.