மழைக்கு முன் பெயிண்ட் அடிப்பவர்கள் கவனிக்க: ஓதச் சுவரும் குழந்தையின் இழுப்பும்

மே பிறந்தால் போதும், மும்பையில் தாராவி, சயான், செம்பூர் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மழைக்கு முன்னாடி ஒரு கோட்டிங் அடிச்சுக் கொடுங்க." புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களும் சரி என்று உடனே பிரஷ்ஷை எடுத்துவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஈரத்தின் மேல் பெயிண்ட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. சயான் கோலிவாடாவில் ஒரு வீடு. ஜூனுக்கு முன் பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஜூலையில் சுவர் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே மைபோல் கறுப்புப் பூஞ்சை, குப்பென்று மக்கல் வாடை. குழந்தையின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. "ராத்திரியானா இழுக்குது தம்பி, பனி ஒத்துக்கல போல" என்றார் பாட்டி. மழைக்கால மும்பையில் ஏது பனி? மேல்வீட்டு பாத்ரூமின் நஹானி டிராப், அதாவது தரைத் தண்ணீர் வடியும் வாய், ஒழுகிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு என்று இவர்கள் வாயைத் திறக்கவில்லை, ஒழுகலை அடைக்க வேண்டிய காசுதான் பெயிண்டாகப் போனது.

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, அலர்ஜி, மூச்சுத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பெயிண்ட் கறையை மறைக்கும், ஒழுகலை நிறுத்தாது. முதலில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வேர்த்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம். உள்ளிருந்து என்றால் மேல்வீடு, குழாய், வெளிச்சுவர் விரிசல் என்று தேடி அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டியே.

பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்ப்பது

தூள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, முகத்துக்கு மாஸ்க், அதுவரை குழந்தை பக்கத்து வீட்டில்.

பீரோவும் கட்டிலும் சுவரோடு ஒட்டி

ஒரு சாண் இடம் விடுங்கள்.

மெத்தையை மறப்பது

காற்றில் ஈரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். உறைகளை வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள்.

கொசுவத்திச் சுருள்

இழுப்புள்ள குழந்தை தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம், வலை கட்டுங்கள்.

சுவர் சரியானதும் இன்ஹேலரை நிறுத்துவது

அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். சயான் கோலிவாடா வீட்டில் ஒழுகலை அடைத்தபின் ராத்திரி இழுப்பு குறைந்தது, ஆனாலும் அவர்கள் மருந்தைத் தொடர்ந்தார்கள்.